பழைய வீட்டின் பொருளை அதே வீட்டில் திரும்பப் பொருத்துவது: மலையகத்துக்கான முழுமையான வழிகாட்டி

கருங்கல் அல்லது செங்கல் சுவர், மேலே கலிக்கட் ஓடு அல்லது தகரம், உள்ளே பலகைத் தரை, இரட்டைக் கதவு, சின்னச் சின்னக் கண்ணாடி போட்ட யன்னல். இலங்கை மலையகத்தில் ஹற்றன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கம் இருக்கும் இப்படியான வீட்டைத் திருத்தப் போகிறவர்களுக்காக இது எழுதப்பட்டது. கழற்றிய பொருளில் எவ்வளவு திரும்பவும் வீட்டுக்குள் போகிறது என்பதுதான் இந்த வேலையின் கணக்கு. கழற்றும்போது உடைவது கொஞ்சம்தான். முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் மூன்று மாதம் கிடந்து கெடுவதும், கடைசியில் சீமெந்தில் புதைந்து போவதும் அதைவிட மிக அதிகம். அதனால் கீழே வரும் ஒழுங்கை மாற்றாதீர்கள்.

1. ஓட்டில் கை வைக்க முன் சுண்ணாம்பை ஊற வையுங்கள்

கடைசியில் தேவைப்படும் பொருள் இது. ஆனால் ஆக நீண்ட நாள் எடுப்பதும் இதுதான். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அதைத் திருத்தவும் சுண்ணாம்பே வேண்டும். காரணம் 12 ஆம் பகுதியில் இருக்கிறது.

மாத்தளை, திகன பக்கத்துச் சூளைச் சுண்ணாம்பு டொலமைட் கல்லில் சுட்டது. அதில் மக்னீசியம் இருப்பதால் நீறுவது, அதாவது தண்ணீரோடு சேர்ந்து களியாவது, மெதுவாக நடக்கும். இரண்டு நாளில் நீறிவிட்டது போலத் தெரியும். உள்ளே நீறாத மணிகள் சுவரில் பூசிய பிறகு ஊதி, பூச்சில் காசளவு குழி விழுத்தும். எனவே கட்டு வேலைக்கு ஆகக் குறைந்தது ஒரு மாதம், பூச்சுக்கு மூன்று மாதம் தண்ணீருக்கடியில் கிடக்கட்டும்.

பெரிய இரும்பு பீப்பாயில் முதலில் தண்ணீர், பிறகு சுட்ட கல். ஒரு பங்கு கல்லுக்கு மூன்று பங்கு தண்ணீர். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் போட்டு, பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பீப்பாய் வேண்டாம், சூட்டில் இளகிவிடும். கொதி அடங்கியதும் கலக்கி, நுளம்பு வலையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க மூடி வையுங்கள்.

25 கிலோ சுட்ட கல்லில் ஏறக்குறைய 50 லீட்டர் களி கிடைக்கும். 18 அங்குலத் தடிப்புள்ள கருங்கல் சுவரில் 10 சதுர அடியைத் திரும்பக் கட்ட அந்த 50 லீட்டரும் போய்விடும். ஆகவே எத்தனை சதுர அடி கட்ட வேண்டியிருக்கும் என்று இன்றைக்கே அளந்து, அதற்கேற்ப ஊற வையுங்கள். கூடினால் நட்டமில்லை. தண்ணீருக்கடியில் இருக்கும் களி வருடக்கணக்கில் கெடாது.

2. கூரையைத் திறக்கும் மாதம்

மலையகம் முழுவதற்கும் ஒரே காலம் கிடையாது. மேற்குச் சரிவில், அதாவது ஹற்றன், மஸ்கெலியா, டிக்கோயா, நுவரெலியாவில், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரி பிற்பாதியில் தொடங்கி மார்ச் நடுப்பகுதிக்குள் கூரையை மூடிவிட வேண்டும். அதற்குப் பிறகு பின்னேர இடிமழை வந்துவிடும்.

ஊவாப் பக்கம் தலைகீழ். பண்டாரவளை, வெலிமடை, பதுளையில் வடகிழக்குப் பருவத்தில்தான் மழை. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மழை குறைந்த காய்ச்சல் காலம். ஆனால் அந்த மாதங்களில் காற்று பலமாக அடிக்கும். தார்ப்பாயை ஆணியால் அடித்து நிறுத்த முடியாது. மேலும் கீழும் மரச்சட்டத்தில் சுற்றிக் கயிற்றால் இறுக்குங்கள். ஒக்டோபர், நவம்பரில் எந்தப் பக்கத்திலும் கூரையைத் திறக்க வேண்டாம்.

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் பனி உறையும். ஈரம் காயாத சுண்ணாம்புச் சாந்து உறைந்தால் மாவாக உதிரும். கூரை வேலையை அந்த மாதத்தில் செய்யலாம். வெளிச்சுவர்ச் சாந்து வேலையை அதற்குப் பிறகு வையுங்கள்.

3. கடதாசி வேலை

நூறு வருடத்துக்கு மேற்பட்ட கட்டிடம் என்றால், 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று தொல்பொருள் திணைக்களத்தில் கேளுங்கள். கண்டி போன்ற நகர எல்லைக்குள் மாநகர சபையிலும் நகர அபிவிருத்தி அதிகார சபையிலும் கேட்க வேண்டும். அறை கூட்டுவதாகவோ நிலத்தை வெட்டுவதாகவோ இருந்தால், மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் தேவைப்படும்.

மரத்தை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு லொறியில் ஏற்றுவது தனி விடயம். பழைய மரமென்று வாயால் சொன்னால் சோதனைச் சாவடியில் எடுபடாது. பிரதேச செயலகத்திலோ வன அலுவலகத்திலோ முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கி, கழற்ற முன் எடுத்த படத்தையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். மரம் வீட்டு வளவுக்குள்ளேயே இருந்தால் இந்தத் தலையிடி இல்லை.

4. எல்லாவற்றுக்கும் எண்

சோக்கும் மார்க்கரும் மலைமூடுபனியில் இரண்டு கிழமை நிற்காது. சோடா டின்னை வெட்டிச் சின்னத் தகடாக்கி, ஆணி முனையால் எண்ணைக் கீறி, சின்ன ஆணியால் மறைவான பக்கத்தில் அடியுங்கள். அறை எண், சுவரின் திசை, துண்டின் எண் என்ற ஒழுங்கு போதும்: 3-கி-யன்னல் 2-இடது. வரைபடத்திலும் அதே எண்ணை எழுதுங்கள். வரைபடத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

கூரையைச் சரிவாகத் தாங்கும் கைமரங்களின் மூட்டிலும் கதவு நிலையின் மூலையிலும் பழைய தச்சர் உளியால் வெட்டிய கோடுகள் இருக்கிறதா பாருங்கள். இரண்டு கோடு போட்ட முனை இரண்டு கோடு போட்ட துளையில்தான் உட்காரும். அந்தக் கோட்டை இழைப்புளியால் தள்ளிவிட்டால் பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

எண் போடும்போதே ஒவ்வொரு துண்டும் திரும்ப எங்கே போகும் என்றும் எழுதிவிடுங்கள். “பிறகு பார்ப்போம்” என்று ஒதுக்கியதெல்லாம் வேலை முடியும்போது விறகாகியிருக்கும்.

5. கழற்றும் ஒழுங்கு

முதலில் கையால் எடுக்கக்கூடியவை: தாழ்ப்பாள், கொளுக்கி, பித்தளைக் கைபிடி. ஒரு கதவின் சாமான்களை ஒரு பையில் போட்டு அந்தக் கதவிலேயே கட்டுங்கள். எல்லாக் கதவின் பிணைச்சலையும் ஒரே வாளியில் போடுவது புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் பிழை. பிணைச்சல் ஒவ்வொன்றும் தன் கதவோடு சேர்ந்து தேய்ந்தது. மாறிப் போனால் கதவு தொங்கும்.

அடுத்தது கதவு, யன்னல் இலைகள். நிலையைத் தொடாதீர்கள். கருங்கல் சுவரில் நிலை மேல் உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும். உழுத்த நிலையை மட்டும், முட்டுக் கட்டை கொடுத்த பிறகு எடுக்கலாம்.

பிறகு சீலிங் பலகை. அதற்கு மேல் எலிப்புழுக்கையும் நூறு வருடத்துத் தூசும் இருக்கும். முகமூடி அவசியம். அதற்குப் பிறகுதான் கூரை.

கூரையை அறை அறையாகத் திறவுங்கள். ஒரு அறைக்கு மேலே இரண்டு சரிவிலும் ஒரே அளவு எடுத்து, முகட்டிலிருந்து கீழே வாருங்கள். ஒரு பக்கத்து ஓட்டை முழுக்க இறக்கிவிட்டு மறுபக்கத்தை அப்படியே விட்டால், பாரம் ஒரு பக்கம் தள்ளிக் கைமரம் முகட்டு வளையிலிருந்து நழுவும்.

பலகைத் தரையைக் கூரை மூடும்வரை கழற்ற வேண்டாம். மேலே பொலித்தீன், அதன் மேல் பழைய பலகையோ பிளைவுட்டோ போட்டு மூடுங்கள். தரையையும் கூரையையும் ஒரே நேரத்தில் திறப்பவர் இரண்டையும் மழைக்குக் கொடுக்கிறார்.

கூரையிலோ சீலிங்கிலோ பிற்காலத்தில் போட்ட அஸ்பெஸ்டஸ் தகடு இருந்தால் அதைத் திரும்பப் பாவிக்கும் பட்டியலில் சேர்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல், துளைக்காமல் முழுத் தகடாக இறக்கிப் பொலித்தீனில் சுற்றுங்கள். சுத்தியலால் தட்டி உடைத்து இறக்குவது கண்ணுக்குத் தெரியாத நாரை வீடு முழுக்கப் பரப்பும்.

6. அடுக்கி வைக்கும் இடம்

கழற்றத் தொடங்க முன் இந்த இடம் தயாராக இருக்க வேண்டும். நிலத்திலிருந்து ஒரு அடி உயரம், மேலே கூரை, பக்கங்கள் திறந்தபடி. பக்கத்தையும் பொலித்தீனால் மூடினால் இரவு வேர்த்து, பூஞ்சணம் பிடிக்கும்.

மரத்தைப் படுக்கையாக, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஒரு அங்குலக் குச்சி வைத்து அடுக்குங்கள். குச்சிகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நேர்க்கோட்டில், இரண்டடிக்கு ஒன்று. கோடு தவறினால் பலகை வளையும். கறையான் ஏறாமல் கால்களுக்குக் கீழே கழிவு எண்ணெய் ஊற்றிய டின்.

ஓட்டைச் செங்குத்தாக, விளிம்பில் நிறுத்தி, மூன்று வரிசைக்கு மேல் போகாமல். கண்ணாடியும் செங்குத்தாகத்தான், நடுவே பத்திரிகைத்தாளுடன். படுக்க வைத்த கண்ணாடி தன் பாரத்திலேயே உடையும்.

7. ஓடு

கலிக்கட் ஓட்டில் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 150 தேவை. 100 ஓடு கழற்றினால் 80 தான் மிஞ்சும் என்று கணக்குப் போட்டுத் தொடங்குங்கள்.

பின்பக்க முத்திரையைப் பார்த்துத் தொழிற்சாலை வாரியாகப் பிரிப்பது முதல் வேலை. எல்லாம் ஒரே அளவாகத் தெரியும். ஆனால் பள்ளமும் மேடும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் மாறும். கலந்து போட்டால் ஓடு பூட்டிக்கொள்ளாது. காற்று மழையில் இடுக்கால் தண்ணீர் ஏறும். ஒரு சரிவுக்கு ஒரே முத்திரை.

அடுத்தது சத்தம். ஓட்டைத் தொங்கப் பிடித்து விரல் மொளியால் தட்டுங்கள். மணிச் சத்தம் வந்தால் நல்லது. சொத்தைச் சத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறது.

தண்ணீர்ச் சோதனையைப் பத்து ஓட்டில் செய்து பாருங்கள். வெயிலில் நன்றாகக் காய்ந்த ஓட்டை நிறுத்து, 24 மணித்தியாலம் ஊறப்போட்டு, மேலீரத்தைத் துடைத்து மீண்டும் நிறுங்கள். இரண்டரைக் கிலோ ஓடு மூன்று கிலோவாகிவிட்டால் அது வாழ்ந்து முடித்துவிட்டது. மலைக்காட்டு மழையில் அது ஒருநாளும் காயாது, ஓடு உட்காரும் சலாகையையும் உழுக்க வைக்கும்.

பாசியைக் காயவிட்டுத் தென்னந்தும்பு பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பி பிரஷ், அமிலம், அழுத்தத் தண்ணீர் மூன்றும் ஓட்டின் சுட்ட தோலை எடுத்துவிடும். தோல் போன ஓடு முன்னைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும்.

சலாகை இடைவெளியைப் புத்தகத்தில் பார்த்து அடிக்காதீர்கள். பன்னிரண்டு ஓட்டைத் தரையில் பூட்டி, முதலில் நெருக்கித் தள்ளிப் பத்து ஓட்டின் நீளத்தை அளவுங்கள். பிறகு பூட்டு விடாத அளவுக்கு இழுத்து அதே பத்தை அளவுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் பத்தால் வகுத்தால் வருவது உங்கள் ஓட்டின் இடைவெளி. பெரும்பாலும் பன்னிரண்டரை அங்குலத்துக்குக் கிட்ட வரும். ஆனால் ஒவ்வொரு முத்திரைக்கும் தனியாக அளக்க வேண்டும்.

சரிவு 30 பாகைக்குக் குறைந்தால் ஓடு வேண்டாம். ஹப்புத்தளை, பண்டாரவளைக் காற்றுக்கு, கூரை விளிம்பில் இரண்டு வரிசை, முகட்டுக்கு அடுத்த இரண்டு வரிசை, பக்க ஓரங்கள் முழுதும் செம்புக் கம்பியால் கட்டுங்கள். ஓட்டின் பின்பக்கத்தில் அதற்கென்றே துளை இருக்கிறது. சாதாரணக் கட்டுக்கம்பி ஐந்து வருடத்தில் துருவாகிவிடும்.

பெரிய பிழை ஒன்று. தகரக் கூரை இருந்த வீட்டுக்கு, எங்கேயோ கிடைத்த பழைய ஓட்டைக் கொண்டுவந்து ஏற்றுவது. 100 சதுர அடித் தகரம் 60 கிலோ அளவில்தான் இருக்கும். அதே இடத்து ஓடு காய்ந்தபோது 375 கிலோ, நனைந்தால் 400 ஐத் தாண்டும். தகரத்துக்காக இரண்டரை, மூன்றடி இடைவெளியில் போட்ட கைமரம் இதைத் தாங்காது.

கழித்த ஓட்டை வீச வேண்டாம். உடைத்து இடித்து, மாவு அரிதட்டில் சலித்து மூட்டையில் கட்டுங்கள். 12 ஆம் பகுதியில் அது வேண்டும்.

8. தகரம்

பழைய கூரைத்தகரம் இப்போது விற்பதைவிடத் தடிப்பானது. அதனால் துருப்பிடித்ததெல்லாம் கழிவு அல்ல. இருட்டான அறைக்குள் நின்று வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஆணித்துளை தவிர வேறு எங்கும் ஒளி வரக்கூடாது. துரு படிந்த இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். சில்லாக உதிர்ந்தால் அந்த அளவு வெட்ட வேண்டும். பெரும்பாலும் இரண்டு முனையில் ஆறு அங்குலம்தான் போகும். மேல்தகடு கீழ்த்தகட்டை மூடிய இடத்தில் ஈரம் தங்கியதால் வந்த கேடு அது.

பழைய தகரத்தையும் புதியதையும் ஒரே சரிவில் கலக்க வேண்டாம், அலை பொருந்தாது. நல்ல பழசெல்லாம் முன்சரிவுக்கு, புதுசு பின்சரிவுக்கு. பக்கவாட்டில் ஒன்றரை அலை, மேல் கீழ் ஆறு அங்குலம், சரிவு குறைந்தால் ஒன்பது அங்குலம் மேலேற்றுங்கள். திருகாணி அலையின் முகட்டில்தான், ரப்பர் வாஷருடன். பள்ளத்தில் அடித்த ஆணி தண்ணீருக்கு நேரே வழி விடும். பழைய துளைகளைத் தகரத் துண்டு வைத்து ரிவெட் அடித்துப் பசையால் அடையுங்கள். தார் மட்டும் பூசியது ஒரு கோடைக்குத் தாங்கும்.

9. கைமரம், வளை, உத்தரம்

பார்வைக்கு உழுத்ததெல்லாம் உழுத்ததல்ல. கூரிய ஊசி அல்லது பழைய திருப்புளியைக் கூராக்கி, மரத்தின் இரண்டு முனை, சுவருக்குள் போன பகுதி, மூட்டு என்று குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் கையழுத்தத்தில் இறங்கினால் அந்த இடம் கெட்டது. நடுமரம் கெட்டுப்போவது அபூர்வம். பலா மரத்தில் வெள்ளைப் பகுதியைப் பூச்சி தின்றிருக்கும். மஞ்சள் வைரம் அப்படியே இருக்கும். வெள்ளையைச் செதுக்கி எறிந்துவிட்டு மீதி அளவு போதுமா என்று பாருங்கள்.

கைமரத்தின் கால் மட்டும் உழுத்திருந்தால் முழு மரத்தையும் கழிக்க வேண்டாம். கெட்ட இடத்துக்கு அப்பால் ஆறு அங்குலம் நல்ல மரத்துக்குள் போய்ச் சாய்வாக வெட்டி, அதே சாதி மரத்தில் புதிய காலை இணைக்கலாம். சாய்வின் நீளம் மரத்தின் உயரத்தைப்போல் நாலைந்து மடங்கு இருக்கட்டும். 12 மில்லிமீற்றர் போல்ட் இரண்டு, தடித்த மரத்துக்கு மூன்று. சாய்வு குறுகினால் பாரம் முழுவதும் போல்ட்டில் விழும், மரம் பிளக்கும்.

பழைய உத்தரத்தை வேறு இடத்தில் போடும்போது பழைய துளைகள் எந்தப் பக்கம் வருகின்றன என்று பாருங்கள். அடிப்பக்கத்தின் நடுவில் துளை வந்தால் அங்கேதான் முறியும். துளை மேற்பக்கமாகவோ சுவரை ஒட்டியோ வரும்படி திருப்புங்கள்.

வாளுக்குப் போக முன் காந்தத்தால் முழு மரத்தையும் தடவுங்கள். பழைய ஆணி ஒன்று ஒரு வாளைத் தின்னும். தச்சு பாஸ் பழைய மரத்தை இழைக்க மறுப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆணி எடுத்த மரத்தைக் காட்டினால் பேச்சு மாறும்.

பூச்சிக்கு: 10 லீட்டர் வெந்நீரில் போராக்ஸ் 600 கிராம், போரிக் அமிலம் 400 கிராம் கரைத்து, ஒரு நாள் இடைவெளியில் மூன்று முறை பூசுங்கள். வெட்டு முனையைக் கரைசலில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். இது தண்ணீரில் கரைந்து போகும் மருந்து. மழை படாத உள்மரத்துக்கு மட்டும்.

சுவருக்குள் போகும் முனையைச் சாந்தால் சுற்றி அடைக்காதீர்கள். சுற்றிலும் அரை அங்குலம் காற்றுக்கு விடுங்கள். போன முறை உழுத்ததற்குக் காரணமே அதுவாக இருக்கும்.

10. கதவு, யன்னல், கண்ணாடி

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். காய்ந்தபடி மணல்தாள் தேய்ப்பதும், தீ ஊதி எரிப்பதும் கூடாது. நனைத்துச் சுரண்டி, கீழே விரித்த பொலித்தீனோடு சுருட்டிக் கட்டுங்கள். அந்தத் துகளை மரக்கறித் தோட்டத்தில் கொட்டாதீர்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் பழைய மக்கு கல்லாக இறுகியிருக்கும். உளியால் நேராக இறங்கினால் கண்ணாடி போகும். பெயின்ட் நீக்கியைத் தடவிப் பொலித்தீனால் மூடி ஒரு இரவு விட்டு, மறுநாள் மரத்துப் பக்கமாகச் சாய்த்துக் கிளறுங்கள். பழைய கண்ணாடியை வெட்டும்போது புதுச் சக்கரம், மண்ணெண்ணெய் தடவிய ஒரே இழுப்பு. சட்டத்தைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு நூல் குறைவாக வெட்டுங்கள். இடமில்லாமல் இறுக்கிய கண்ணாடி மரம் ஊதும் மழைக்காலத்தில் தெறிக்கும்.

புது மக்கு வைக்க முன் மரத்துக்கு ஒரு கை பிரைமர் அடியுங்கள். பிரைமர் இல்லாத வெறும் மரம் மக்கின் எண்ணெயை உறிஞ்சிவிடும். மக்கு வெடித்து விழும்.

பித்தளைத் திருகாணியின் தலை சுலபமாக முறியும். அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றிக் கழற்றி, பிறகு சவர்க்காரம் தடவிய பித்தளையை ஏற்றுங்கள். தேய்ந்த பழைய துளையைத் தீக்குச்சியால் நிரப்புவது ஒரு மாதத்துக்குத்தான். துளைத்து, மரமுளை வைத்துப் பசையால் அடைத்த பிறகு புதுத் துளை போடுங்கள்.

11. பலகைத் தரை

பலகையைத் தூக்க முன் வெளியே போய்ச் சுவரின் அடியில் காற்றுத் துளைகளைத் தேடுங்கள். பூமரப் பாத்தி போட்டு, மண் உயர்ந்து, பாதிக்கு மேல் மூடியிருக்கும். அவற்றைத் திறந்து, துளைக்குக் கீழே ஆறு அங்குலம் மண்ணை எடுக்காமல் தரையைத் திருத்தினால் மூன்றாம் வருடம் இதே வேலை.

பலகைகள் நாக்கும் பள்ளமுமாகக் கோத்திருக்கும். சுவரோரத்து முதல் பலகையின் நாக்கை மட்டும் நீளத்துக்கு அறுத்து, அதைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றுங்கள். அலவாங்கை நேரடியாகப் பலகையில் வைக்காமல் கீழே ஒரு கட்டை கொடுத்து, பலகையைத் தாங்கும் ஒவ்வொரு தீராந்தியிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். ஆணியை மேற்பக்கமாகத் தட்டி எடுத்தால் முகம் சிதறும். குறட்டால் பின்பக்கமாக இழுங்கள்.

எல்லா அறைக்கும் பலகை போதாது. சின்ன அறை ஒன்றைத் தியாகம் செய்து, அதன் பலகையைக் கூடத்துக்குக் கொடுங்கள். சின்ன அறைக்குப் புதுப்பலகை. ஒவ்வொரு அறையிலும் ஒட்டுப் போடுவதைவிட இது பார்வைக்கும் நல்லது, கூலியும் குறையும்.

இயந்திரத்தால் இழைக்க முன் நாக்குக்கு மேல் எவ்வளவு மரம் மிச்சம் என்று அளவுங்கள். ஆறு மில்லிமீற்றருக்குக் குறைந்தால் இயந்திரம் வேண்டாம், கைச்சுரண்டிதான்.

சிவப்புப் பூச்சுத் தரை இருக்கும் அறையில் இதெல்லாம் இல்லை. அதைக் கழற்றிப் பாவிக்க முடியாது. இருந்த இடத்தில் வைத்து ஒட்டுப் போட வேண்டியதுதான்.

12. கல், செங்கல், சாந்து

மேசன் பாஸோடு வாக்குவாதம் வரும் இடம் இது. “சீமெந்து போட்டால் பலமாக இருக்குமே” என்பார். பலமாகத்தான் இருக்கும், பிரச்சினையும் அதுவே. பழைய சுவர் தரையிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை இழுத்து, சாந்து வழியே வெளியே விடும். சீமெந்தால் இடுக்கை அடைத்தால் ஈரம் உள்ளே தங்கி, உள்பூச்சு உப்புப் பூத்து விழும். நிலையின் கால் உழுக்கும். மெது செங்கல் முகம் உரியும். இன்னொன்று: சுண்ணாம்பில் கட்டிய செங்கல்லைத் தட்டினால் சாந்து போய் முழுக் கல் கைக்கு வரும். சீமெந்தில் கட்டியதைத் தட்டினால் கல்தான் போகும், சாந்து நிற்கும்.

சுவரை இறக்கும்போது மூலைக்கற்களுக்கும் வாசல் ஓரக் கற்களுக்கும் எண் போடுங்கள். அவை கொத்திச் செதுக்கியவை. நடுச்சுவர்க் கல்லுக்கு எண் தேவையில்லை. பெரியது, நடுத்தரம், சில்லு என்று மூன்று குவியல் போதும். உள்முகத்திலிருந்து வெளிமுகம் வரை நீளும் கட்டுக்கற்களைத் தனியாக வையுங்கள். பத்துச் சதுர அடிக்கு ஒன்றாவது திரும்பப் போக வேண்டும். அவை இல்லாமல் கட்டினால் இரண்டு முகமும் தனித்தனிச் சுவராகிப் பிரிந்து வயிறு தள்ளும்.

செங்கல்லைச் சத்தத்தால் பிரியுங்கள். மணிச் சத்தம் வெளிமுகத்துக்கு. நகத்தால் கீறுப்படும் வெளிறிய கல் உள்சுவருக்கு மட்டும். கட்ட முன் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி நின்றதும் எடுங்கள். காய்ந்த கல் சாந்தின் நீரைக் குடித்துவிட்டால் சாந்து இறுகாது.

மணலைப் போத்தலில் பாதி போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வையுங்கள். மேலே படியும் சேற்றின் தடிப்பு மணலில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் கழுவ வேண்டும். அபிரகம் மினுங்கும் மணலை ஒதுக்குங்கள். அந்தத் தகடுகள் சாந்தைப் பிடிக்க விடாது.

கலவை அளவு, பங்கு கணக்கில்:

பொதுச் சுவர்: சுண்ணாம்புக் களி 1, மணல் 3.
அத்திவாரத்துக்கு மேல் முதல் மூன்றடி, மழை அடிக்கும் பக்கம், முகட்டு ஓடு: களி 1, ஓட்டுத்தூள் 1, மணல் 2.

ஓட்டுத்தூள் சுண்ணாம்போடு சேர்ந்து ஈரத்திலும் இறுகும். வெறும் சுண்ணாம்புக்குக் காற்றும் காய்ச்சலும் வேண்டும், நம் மலையில் அது மாதக்கணக்காகும். நிறைய மிதித்துக் குழையுங்கள், தண்ணீரைக் கூட்டாதீர்கள். களியில் இருக்கும் நீரே பெரும்பாலும் போதும். மிதிக்க மிதிக்க இளகும். மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு கவிழ்த்தாலும் விழாத பதம்தான் சரி.

இடுக்குத் திருத்துவதென்றால் பழைய சாந்தை ஒரு அங்குல ஆழத்துக்குக் கையுளியால் கிளறி, தூசு தட்டி, நனைத்து, பிதுக்கி அடையுங்கள். கிரைண்டர் கல்லின் விளிம்பையும் அறுத்துவிடும். சாந்து விரலழுத்தத்துக்குப் பதியாத அளவுக்கு இறுகியதும் தடித்த பிரஷ்ஷால் குத்திவிடுங்கள். முகம் திறந்து காற்றுப் போகும், சுருக்க வெடிப்பும் மூடும். கல்லின் மேல் பட்டி போல எழும்பிய சாந்து அழகுக்கு வேண்டுமானால் சரி, மழைத்தண்ணீர் அதன் மேல் உட்காரும்.

ஏழு நாள் நனைந்த சாக்கு, அதற்கு வெளியே மழைக்குப் பொலித்தீன். ஒரு நாளைக்கு இரண்டடிக்கு மேல் சுவரை உயர்த்த வேண்டாம். அடிச்சாந்து பிதுங்கிச் சுவர் சரியும்.

13. குறைந்ததை வெளியே வாங்கும்போது

உங்கள் பட்டியலில் எத்தனை குறைகிறது என்று தெரிந்த பிறகே பழைய சாமான் கடைக்குப் போங்கள். ஓட்டுக்கு உங்கள் முத்திரையுள்ள ஒன்றைக் கையோடு எடுத்துப் போய் அங்கேயே பூட்டிப் பாருங்கள். கதவுக்கு நிலையின் உயரம், அகலம், தடிப்பு மூன்றும். கதவை வாங்கிப் பிறகு சுவரை உடைத்து நிலையைப் பெருப்பிப்பது அடிக்கடி நடக்கும் கூத்து.

தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடு இடித்த தகரமும் கல்லும் மலிவாக வரும். தோட்டக் காணி பெரும்பாலும் அரசாங்கத்துடையது. கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. தோட்ட நிர்வாகத்தின் கையெழுத்துள்ள சீட்டு இல்லாமல் அங்கிருந்து ஒரு கல்கூட ஏற்ற வேண்டாம்.

வாங்கிய மரத்தை நேரே கூரைக்கு ஏற்றாதீர்கள். கண்டிச் சூட்டிலோ கொழும்பிலோ கிடந்த பலகை நுவரெலியாவுக்கு வந்தால் ஊதும். பொருத்தப் போகும் அறையிலேயே குச்சி வைத்து அடுக்கி, நாலு முதல் ஆறு கிழமை கிடக்கட்டும். கறையான் தடயமிருந்தால் வீட்டுக்குள் கொண்டுவர முன்பே வெளியில் மருந்து பூசுங்கள்.